ஒன்பது மணிக்காரி

போன ஞாயிற்றுக்கிழமை நடந்தவை:

1. காலை எட்டே முக்காலுக்கு வேக்யூம் கிளீனரைப் போட்டேன்.
2. ஐந்தாவது நிமிடம் கீழ்வீட்டு அம்மாள் வந்து மணியடித்தார்.
3. "இன்று ரூஹெடாக், ஓய்வு நாள்" என்றார். பத்து நிமிடத்தில் முடித்துவிடுவேன் என்றேன்.
4. அவர் அதையே இன்னும் மெதுவாகச் சொன்னார். சத்தம்தான் தொந்தரவு என்று நினைத்து, துடைப்பத்தால் பெருக்கிக்கொள்கிறேன் என்றேன்.
5. "துடைப்பமும் வேண்டாம், உட்காருங்கள்" என்று சொல்லிவிட்டுக் கீழே போனார்.

உட்கார்ந்தேன். அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. ஜெர்மனிக்கு வந்து இது ஐந்தாம் ஆண்டு. ஞாயிற்றுக்கிழமை கடைகள் கிடையாது, சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, காலி பாட்டிலைக் குப்பைத் தொட்டியில் போடக்கூடக் கூடாது. ஓய்வை இப்படிச் சட்டமாக்கி வைத்திருக்கும் நாட்டில்தான் நான் இவ்வளவு களைத்துப் போயிருக்கிறேன். இயந்திரங்களின் பிரேக்குகளைச் சோதித்துப் பார்த்துச் சான்று எழுதுவது என் வேலை. காலையில் எழுந்ததும் அன்றைக்குச் செய்ய வேண்டியவற்றைத் தாளில் எழுதுவேன். இரவில் பாதி வரிகளைக் கோடிட்டு அடித்திருப்பேன், மீதி மறுநாள் தாளுக்குப் போகும். ஜெபம் என்பதும் அந்தத் தாளில் ஒரு வரிதான். பல நாள் அது அடிபடாமல் மறுநாளுக்குப் போன வரி.

எங்கள் ஊர் காஞ்சிபுரத்தை ஒட்டிய ஐயம்பேட்டை. அங்கே காலனி சபையில் ஓய்வுக்கென்று சட்டம் எதுவும் இல்லை. அம்மா பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமைக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்தால் ஊறவைத்த துணி காத்திருக்கும். ஜெபம்கூட எங்களுக்கு முறை போட்டுச் செய்கிற வேலைதான். யாருக்காவது பெரிய தேவை வந்தால் வெள்ளிக்கிழமைதோறும் சங்கிலி ஜெபம் வைப்போம். காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை, ஆளுக்கு ஒரு மணி நேரம். தன் மணி முடிந்தவர் அடுத்தவருக்குப் போன் செய்து, "என் மணி முடிஞ்சுது, உன்கிட்ட ஒப்புக்கொடுக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். நடுவில் ஒரு நிமிடம்கூட ஆளில்லாமல் போகக் கூடாது. போனால் சங்கிலி அறுந்துவிடும்.

இந்த மார்ச் கடைசியில் தொடங்கிய சங்கிலி என் அண்ணிக்காக. முன்பு இரண்டு முறை, இரண்டும் ஐந்தாம் மாதத்தில், குழந்தை தங்கவில்லை. இந்த முறை கர்ப்பப்பை வாயில் தையல் போட்டு, படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பெயர், நேரம், முடிந்ததும் ஒரு பச்சை டிக் என்று போனில் அட்டவணை போட்டுக் கொடுத்தது நான். ஒன்பதிலிருந்து பத்து வரையிலான மணிக்கு யாரும் முன்வரவில்லை. அந்த நேரத்தில் ஒருவர் கம்பெனி பஸ்ஸில் இருப்பார், ஒருவர் தறியில் இருப்பார், அம்மா அடுப்படியில் இருப்பார். எனக்கு அப்போது விடியற்காலை ஐந்தரை. நானே எடுத்துக்கொண்டேன்.

எனக்கு முந்தைய மணி ஸ்டெல்லாவுடையது. என்னோடு பத்தாவது வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். இப்போது பெரிய காஞ்சிபுரத்துக் கடைகளிலிருந்து பட்டுச்சேலைகளை வாங்கிவந்து வீட்டிலேயே முந்தானைக்குக் குச்சு கட்டிக் கொடுக்கிறாள். மகளைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு எட்டு மணிக்கு ஜெபத்தில் உட்காருவாள். ஒன்பதுக்கு என்னை அழைப்பாள்.

முதல் வாரம் விழித்திருந்தேன். இரண்டாம் வாரம் ஸ்டெல்லாவிடம் பேசிவிட்டு, கட்டிலோரம் முழங்காலிட்டு, "ஆண்டவரே" என்று தொடங்கியது நினைவிருக்கிறது. அடுத்து நினைவிருப்பது ஆறு இருபத்தெட்டுக்கு வைத்த அலாரம். எழுந்து, தொண்டையைச் சரிசெய்து, பத்து மணி முறைக்காரரான பாஸ்டரம்மாவை அழைத்து ஒப்புக்கொடுத்தேன். அட்டவணையில் டிக் போட்டேன். இப்படியே பதினோரு வெள்ளிக்கிழமைகள். செய்யாத சோதனைக்குக் கையெழுத்துப் போட்டால் என் வேலை அன்றோடு போய்விடும். அது தெரிந்தே பதினோரு டிக் போட்டேன்.

பன்னிரண்டாவது வெள்ளிக்கிழமை, அண்ணிக்கு இருபத்துநான்காவது வாரம், காலை ஒன்பது நாற்பதுக்கு இரத்தப்போக்கு. அண்ணன் ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஓடினான். மதியத்துக்குள் நின்றுவிட்டது. குழந்தைக்கு ஒன்றுமில்லை. அம்மா அனுப்பிய குரல் செய்தியில் அழுகையும் சிரிப்பும் சேர்ந்திருந்தன: "ஒம்போது நாப்பதுமா! நீ முழங்கால்ல இருந்த நேரம். அதான் கர்த்தர் கைய நீட்டிட்டாரு." நான் அப்போது வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு ஆமென் என்று எழுதி அனுப்பினேன். அடுத்த வெள்ளிக்கிழமைகளில் தூங்கக் கூடாதென்று நின்றுகொண்டே ஜெபித்தேன். நின்ற வாக்கிலும் கண் சொருகியது.

ஜூலையில் மூன்று வாரம் விடுப்பில் ஊருக்குப் போனேன். இறங்கிய அன்றே அம்மா சொன்னார், "இந்த ஞாயித்துக்கெழம நீ சாட்சி சொல்ற. பாஸ்டர்கிட்ட சொல்லிட்டேன். சபையே உன்ன ஒம்போது மணிக்காரின்னுதான் கூப்புடுது." சாட்சி என்றால் ஆண்டவர் செய்ததை எல்லார் முன்னாலும் எழுந்து நின்று சொல்வது. ஆலயத்தில் சொல்லும் பொய்யை எந்தத் தாளில் அடிப்பது? உண்மையைச் சொன்னால், படுக்கையில் கிடந்தபடி நாள்களை எண்ணும் அண்ணி என்ன நினைப்பார்? இரண்டு இரவு தூங்கவில்லை. தூங்க வேண்டிய நேரத்தில் வராத தூக்கம்.

சனிக்கிழமை ஸ்டெல்லா வீட்டுக்குப் போனேன். அரக்குச் சேலையின் முந்தானையை மடியில் விரித்து இழைகளைப் பிரித்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அவள் தலையைத் தூக்கவேயில்லை.

"தெரியும்டி."

"இன்னா தெரியும்?"

"நீ தூங்கறது. நீ எங்க போன கட் பண்ற? பேசிட்டு அப்டியே கட்டில்ல போட்டுட்டு முழங்கால் போடுவ. ரெண்டாவது வாரமே கொரட்டை கேட்டுது. ஜெர்மனி கொரட்டையா இருக்கும், ஸ்டைலா இருக்கும்னு பாத்தேன். நம்ம ஊரு மோட்டார் ஷெட்டுதான்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "ஏன் எழுப்பல?"

"எழுப்பி? ராவெல்லாம் வேல பாத்துட்டு வந்து படுத்திருப்ப. சங்கிலி அறுந்துடக் கூடாதேன்னு நானே இன்னொரு மணி உக்காந்துக்கினேன். குச்சு போட்டுக்கினே. பத்துக்கு முன்னாடி நானே போன கட் பண்ணிடுவேன்."

"அப்போ ஒம்போது நாப்பதுக்கு ஜெபம் பண்ணது நீதான். சாட்சி நீதான் சொல்லணும்."

"போடி. ஜெபம்லாம் ஒண்ணும் பெருசா பண்ணல. எனக்குத்தான் எட்டு மணியோட வார்த்த தீர்ந்துடுமே. உன் கொரட்டைய கேட்டுக்கினே சும்மா இருப்பேன். ஆண்டவரும் கேட்டுக்கினுதான இருக்காரு, மூணு பேரு இருக்கோம்னு தோணும். அவ்ளோதான்." முடிச்சை இறுக்கி, மீதி நூலைக் கத்தரித்தாள். "நெஜமா சொல்லணும்னா அந்த ஒரு மணிதான் எனக்கு நிம்மதி. இத நீ போய் மைக்ல சொன்ன, கொன்னுடுவேன்."

மறுநாள் மைக்கில் சொன்னேன். அவள் பெயரைச் சொல்லவில்லை. எனக்காக இன்னொருவர் அந்த மணியைச் சுமந்தார் என்றும், அண்ணிக்கு ஆபத்து வந்த நேரத்தில் நான் தூங்கிக்கொண்டிருந்தேன் என்றும், பதினோரு டிக்கும் பொய் என்றும் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். பின்வரிசையில் யாரோ செருமினார்கள். பாஸ்டர் அவசரமாக அடுத்த பாட்டைத் தொடங்கினார். ஸ்டெல்லா மூன்று வரிசை தள்ளி உட்கார்ந்து பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா ஊறவைத்த துணியைத் துவைத்தார். பிழிந்து கொடியில் போட்டார். நான் வாளியைத் தூக்கப் போனபோது, முதுகைக் காட்டியபடியே கேட்டார்: "அந்த ஒரு மணி நேரமாவது நல்லா தூங்குனியா?"

தலையாட்டினேன். அவர் திரும்பவில்லை என்பது நினைவுக்கு வந்து, "தூங்குனேன்மா" என்றேன். "உள்ள போய் உங்க அண்ணிகிட்டயும் சொல்லிடு. ஊர்ல யார் வாயாலயாவது கேட்டா கஷ்டப்படுவா" என்றார். சொன்னேன். அண்ணி வயிற்றில் கைவைத்துக்கொண்டார். பிறகு, "நானும் அப்போ தூங்கிக்கினுதான் இருந்தேன் ஜெனி. வலியிலதான் முழிச்சேன்" என்றார். மன்னித்தாரா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கிளம்புவதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை என் மணிக்கு ஆலயத்துக்கே போனேன். கதவு திறந்திருந்தது. ஆளில்லை. வெளியே ஷேர் ஆட்டோக்காரர் வாலாஜாபாத், வாலாஜாபாத் என்று கூவிக்கொண்டிருந்தார். முழங்காலிட்டுக் கேட்க வேண்டியவற்றை மனதுக்குள் வரிசைப்படுத்தத் தொடங்கினேன். அண்ணி, குழந்தை, தையல், அம்மாவின் மூட்டுவலி, என் விசா. ஐந்தாவதோடு நின்றுவிட்டேன். இவையெல்லாம் ஆண்டவருக்குத் தெரியாதா என்ன? பாயில் அப்படியே சாய்ந்தேன். அவர் முன்னால் செய்து முடிக்க வேண்டியது எதுவும் இல்லாமல் நான் இருந்ததே இல்லை என்று தோன்றியது. அலாரம் வைக்கவில்லை. கண்ணை மூடினேன்.

விழித்தபோது ஸ்டெல்லா பக்கத்தில் ஒரு பச்சைச் சேலையை மடியில் விரித்துக் குச்சு கட்டியபடி உட்கார்ந்திருந்தாள். எழப் பார்த்தேன்.

"இன்னும் பத்து நிமிசம் இருக்குது. படு" என்றாள்.

படுத்தேன். ஆண்டவரே, இங்கேதான் இருக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். அன்றைய ஜெபம் அவ்வளவுதான்.

இன்றைய நிலவரம் இது. அண்ணிக்கு முப்பத்தோராவது வாரம். தையல் தாங்குகிறது. இன்னும் ஆறு வாரம் தாங்கினால் போதும் என்கிறார்கள். தாங்குமா என்று யாருக்கும் தெரியாது. அட்டவணையில் டிக் போடும் கட்டத்தை எடுத்துவிட்டேன். ஒன்பது மணிக்கு நேராக இப்போது இரண்டு பெயர்கள் இருக்கின்றன. வேலை குறையவில்லை, களைப்பும் குறையவில்லை. வெள்ளிக்கிழமை விடியற்காலை கட் செய்யாத போன் தலையணையில் கிடக்கும். ஒரு காதில் ஐயம்பேட்டைத் தெருவின் வெயில் நேரத்துச் சத்தம், மறு காதில் ஜன்னலுக்கு வெளியே முதல் டிராம். சில வாரம் ஜெபிக்கிறேன். சில வாரம் தூங்கிவிடுகிறேன்.