ராஜண்ணாவின் மிச்ச ஓட்டு

சங்கத் தேர்தல் நடத்திக் கொடுப்பவனுக்குக் கூலி ஒரு சால்வை, இரண்டு ஆப்பிள், அப்புறம் தோற்றவர்களின் திட்டு. உங்களில் யாராவது அபார்ட்மென்ட் சங்கத்திலோ ஆட்டோ ஸ்டாண்டிலோ ஓட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு நாளாவது உட்கார்ந்திருந்தால், நாமெல்லாம் பங்காளிகள். மேலே படியுங்கள்.

நான் எட்டாவதோடு நின்றவன். ஸ்ரீராம்புரத்தில் பில் புக் அடிக்கும் சின்ன அச்சகத்தில் மெஷின்மேனாக இருந்தேன். சங்கங்களுக்கு ஓட்டுச் சீட்டு அடித்துக்கொடுக்கப் போய், "அப்படியே எண்ணியும் குடுத்துடுங்க" என்று பிடித்துப் போட்டுக்கொண்டார்கள். மனைவி போன பிறகு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்கப் பிடிக்காமல் கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போனேன். அதிகம் பேசமாட்டேன் என்பதால் எல்லாத் தரப்பும் என்னை நம்பியது. இங்கே சொல்வது முழுவதும் எங்கள் பக்கத்து மார்க்கெட் ஒன்றில் நடந்தது.

ஏழுக்கு ஏழு

அந்தச் சங்கத்தில் நூற்று இருபது பேர். எண்பது பேர் ஷட்டர் கடைக்காரர்கள். நாற்பது பேர் தரைக்கடை போடும் பெண்கள். பூ, கீரை, எலுமிச்சம்பழம். கமிட்டிக்கு ஏழு இடம், ஆளுக்கு ஏழு ஓட்டு. எண்பது பேரும் ஒரே ஏழு பெயருக்குக் குத்தினால் ஏழு இடமும் அவர்களுக்கே. மூன்று தேர்தல் நான் எண்ணியிருக்கிறேன். மூன்றிலும் ஏழுக்கு ஏழு கடைக்காரர்கள்.

மார்க்கெட்டுக்குப் பின்னால் பெண்களுக்கென்று கட்டிய கழிப்பறை பூட்டியே கிடந்தது. சங்கத்தின் மடக்கு நாற்காலிகளும் பேனர்களும் அதற்குள் இருந்தன. கேட்க வேண்டியது கமிட்டியில். கமிட்டியில் இவர்கள் யாரும் இல்லை. மூன்றாவது தேர்தல் முடிந்து நான் பெட்டியை மூடும்போது பூக்காரி செல்வி வந்து நின்றாள். இரண்டாவது முறையாகத் தோற்றிருந்தாள். அழவில்லை.

"அண்ணா, விடியக்காலை நாலு மணிலேர்ந்து ஒரு வாய் தண்ணி குடிக்கல. குடிச்சா எங்க போறது? அதையும் சேத்து எண்ணி எழுதிக்கோங்க."

மாற்று வழி

அன்று இரவு அலமாரியைக் குடைந்தேன். பழைய புத்தகக் கடையில் வாங்கிய தேர்தல் விதிப் புத்தகம் ஒன்று வீட்டில் இருந்தது. நம் ஊரில் பட்டதாரிகள் மேல்சபைக்கு ஓட்டுப் போடும்போது ஒன்று, இரண்டு, மூன்று என்று விருப்பப்படி எண் போடுகிறார்களே, அந்த முறை அதில் இருந்தது. ஒருவருக்கே ஓட்டு, ஆனால் அவருக்குத் தேவைக்கு மேல் சேர்ந்துவிட்டால், மிச்சம் அதே சீட்டில் இரண்டாவதாக இருப்பவருக்குப் போகும். கடைசியில் இருப்பவரை நீக்கினால் அவர் சீட்டுகளும் அப்படியே அடுத்தவருக்கு. நூற்று இருபது துண்டுக் காகிதம் வெட்டி, கூடத்தில் பரப்பி, நானே போட்டு நானே எண்ணிப் பார்த்தேன். நாற்பது பேர் சேர்ந்து நின்றால் இரண்டு இடம் வந்தது! திரும்ப எண்ணினேன். திரும்பவும் வந்தது. அந்த வயதில் தனி வீட்டில் ஒருவன் கைதட்டினான் என்றால் நம்புவீர்களா?

செல்வியிடம் சொன்னேன். பொதுக்குழுவில் இந்த முறை வேண்டுமென்று அவள் கேட்டாள், நான் விளக்கினேன். கடைக்காரர்கள் முணுமுணுத்தார்கள். எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள். வெங்காய மண்டி ராஜண்ணா. கார்ப்பரேஷன் லாரி தரைக்கடைகளை அள்ள வந்தபோதெல்லாம் முன்னால் போய் நின்ற மனிதர். கழிப்பறை மட்டும் அவர் கண்ணில் பட்டதே இல்லை. அவர் மீசையைத் தடவிக்கொண்டு சொன்னார்: "எப்படி எண்ணினாலும் மொதல்ல நான்தானப்பா வருவேன். மாத்திக்கோங்க, நனகேனு? எனக்கென்ன வந்தது?"

ஒத்திகை

பழக்குவதற்காக ஒரு மாதிரிச் சீட்டு அடித்தேன். ஆட்கள் பெயர் போட்டால் சண்டை வரும் என்று காய்கறிப் படம் போட்டேன். தக்காளி, கத்தரிக்காய், பீன்ஸ், முருங்கை. பக்கத்தில் காலிக் கட்டம். "மனசுல இருக்கற எண்ணைப் போடுங்க" என்று மட்டும் சொன்னேன். அது என் தப்பு. பெட்டியைத் திறந்தால் தக்காளி முப்பது, கத்தரிக்காய் நாற்பது, பீன்ஸ் எண்பது. பாதிப் பேர் அன்றைய ரேட்டை எழுதிப் போட்டிருந்தார்கள்.

கீரைக்கார மேரியம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் சீட்டைத் திருப்பிக் கேட்டாள். புரிந்துகொண்டு விட்டாள் என்று சந்தோஷமாகக் கொடுத்தேன். "பீன்ஸ் மத்தியானம் ஏறிடுச்சு சார், திருத்திக் குடுக்கறேன்."

இரண்டாவது எதற்கு?

எண் என்றால் வரிசை என்று புரிந்த பிறகு அடுத்த தகராறு. ஒன்று போடுவார்கள், இரண்டு போடமாட்டேன் என்பார்கள். ஒருத்தரை நம்பினால் அவரையே நம்ப வேண்டும், இரண்டாவது ஆள் எதற்கு என்று எலுமிச்சம்பழக்கார அம்மா ஒருத்தி சண்டைக்கே வந்துவிட்டாள். புத்தகத்தில் இருந்த மூன்று பக்கத்தையும் சொல்லிப் பார்த்தேன். தொண்டைதான் வறண்டது.

கீரைக் கட்டுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே மேரியம்மா முடித்துவைத்தாள்: "தக்காளி கெடைக்கலன்னா கொழம்பே வெக்காம பட்டினியா கெடப்பியாடி? புளியக் கரைச்சு ஊத்தறதில்ல?"

செல்வி இரண்டு

தேர்தல் அன்று நூற்று இருபது பேரும் ஓட்டுப் போட்டார்கள். எட்டுப் பேருக்குப் பதினாறு வர வழியில்லை, அதனால் பதினாறு ஓட்டு வாங்கினால் ஒரு இடம் உறுதி. முதல் விருப்பப்படி சீட்டுகளை அடுக்க ஆரம்பித்தேன். ராஜண்ணாவின் அடுக்கு வளர்ந்துகொண்டே போனது. இருபது, நாற்பது, அறுபது. அறுபத்து நான்கில் நின்றது. செல்விக்கு எவ்வளவு தெரியுமா? இரண்டு. எல்லோரிலும் குறைவு மேரியம்மாவுக்கு ஒன்று, அதற்கு மேல் இவள்.

இந்தப் பெண்கள் எங்கே போட்டார்கள் என்று அவர்களையே கேட்டால், முக்கால்வாசிப் பேர் ஒன்றை ராஜண்ணாவுக்குப் போட்டிருக்கிறார்கள்! செல்வியை ஓரமாகக் கூப்பிட்டு, உனக்கு நீயாவது ஒன்று போட்டாயா என்று கேட்டேன். அவள் என்னை விவரமில்லாதவனைப் போலப் பார்த்தாள்.

"அதெப்படிண்ணா? லாரிக்கு முன்னால நின்ன மனுஷன். தாம்பூலம் வெச்சா மொதத் தட்டு பெரியவருக்குத்தானே? நமக்கு ரெண்டாவது போட்டுக்கிட்டோம்."

மிச்சம்

ஒரு கடைக்காரர் மேசையைத் தட்டினார். "கடைசியா இருக்கற ரெண்டு பேரையும் மொதல்ல தூக்குங்க சார்!" தூக்கிவிட்டால் கதை முடிந்தது. விதிப் புத்தகத்தைத் திறந்து, விரல் வைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி படித்தேன். நான் அவ்வளவு சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. முதலில் ஜெயித்தவரின் மிச்சத்தைப் பிரிக்க வேண்டும். பிறகுதான் கடைசி ஆளை நீக்க வேண்டும். ராஜண்ணாவுக்கு வேண்டியது பதினாறு, மிச்சம் நாற்பத்தெட்டு. அதாவது அவருக்கு விழுந்த ஒவ்வொரு சீட்டிலும் முக்கால் பங்கு இரண்டாவது ஆளுக்குப் போகும். அந்த அடுக்கில் இரண்டாவதாகச் செல்வி இருந்த சீட்டுகளை எண்ணினேன். முப்பத்திரண்டு! முக்கால் பங்கு இருபத்து நான்கு. கையில் இருந்த இரண்டோடு இருபத்தாறு. பூக்கடைப் பக்கமிருந்து எழுந்த குரவையில் மாடியில் இருந்த புறாவெல்லாம் பறந்தது. செல்வியின் மிச்சம் மேரியம்மாவுக்குப் போய், தத்தித் தத்தி, மேரியம்மாவும் ஏழாவது இடத்தில் வந்து உட்கார்ந்தாள்.

ராஜண்ணாவின் மிச்சத்தைப் பிரிப்பதற்கு முன் ஒரு நிமிஷம் இருந்தது. அந்தக் கடைக்காரர் ராஜண்ணாவின் தோளைப் பிடித்து, "உங்க ஓட்டை எடுத்து அவளுக்குத் தர்றாங்க, ஒத்துக்காதீங்கண்ணா" என்றார். ராஜண்ணா வேண்டாமென்று சொல்லியிருந்தால் அங்கே என் புத்தகத்தை யார் மதித்திருப்பார்கள்? அவர் அடுக்கை ஒரு தடவை பார்த்தார். கீழே உட்கார்ந்திருந்த பெண்களைப் பார்த்தார்.

"வேண்டியதை எடுத்தாச்சு. மிச்சத்த மூட்டை கட்டி வெச்சா அழுகித்தான்டா போகும். பிரிச்சுக் குடுங்க சார்."

முதல் கூட்டம்

மறுநாளே கமிட்டி கூடியது. விதியைச் சொல்ல வேண்டுமென்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். மார்க்கெட்டுக்குப் பின்னால் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்து ஏழு நாற்காலி எடுத்து வந்து போட்டார்கள். செல்வி ஓரத்து நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தாள். விளக்கு, குப்பை, வண்டி நிறுத்தம் என்று ஒரு மணி நேரம் பேசினார்கள். கடைசியில், வேறு ஏதாவது உண்டா என்று ராஜண்ணா கேட்டார். அவள் எழுந்து தன் நாற்காலியை மடக்கிச் சுவரில் சாய்த்தாள்.

"எடுத்த சேரத் திரும்ப உள்ள வெக்காதீங்க. மிச்சத்தையும் வெளிய எடுத்துட்டு சாவிய மேரியம்மா கையில குடுங்க, அவங்க காலையிலேர்ந்து காத்துக்கிட்டிருக்காங்க."

எந்த முறையில் எண்ணினாலும் ஓட்டு மட்டும்தான் பங்கு பிரிகிறது. திட்டு எண்ணினவனுக்கே முழுசாக வந்து சேர்கிறது.