மூன்றாவது கையைத் தேடிக் கம்பம் மெட்டுக்கு

கரூரிலிருந்து கம்பத்துக்கு நேராக ஒரு பேருந்து இருக்கும் என்று நம்பி, வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கே நிலையத்தில் போய் நின்றேன். இல்லை. திண்டுக்கல்லுக்கு ஒன்று, அங்கிருந்து தேனிக்கு ஒன்று, தேனியிலிருந்து கம்பத்துக்கு ஒன்று என்று மாறிப் போகச் சொன்னார் நேரக் காப்பாளர். "தோட்டம் கீட்டம் வாங்கப் போறீங்களாம்மா?" என்று கேட்டார். "இல்லைங்க, ஒரு போட்டோவுக்கு அனுமதி வாங்கப் போறேன்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு அடுத்த பேருந்தை அறிவிக்கப் போய்விட்டார்.

கரூரில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். மத்தியானத்தில் கடை காற்று வாங்கும் நேரத்தில், இணையத்தில் ஊரார் எல்லோரும் கூடி எழுதும் கலைக்களஞ்சியத்தில் நானும் எழுதுவேன். சம்பளம் கிடையாது. சண்டைக்கு மட்டும் குறைவில்லை. கம்பத்திலிருந்து கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குத் தினமும் விடியலில் ஜீப்பில் போய்வரும் பெண்களைப் பற்றி நான் எழுதிய கட்டுரை முதற்பக்கத்துக்குத் தேர்வாகித் திங்கட்கிழமை வெளிவர இருந்தது. அதற்கு உயிரே ஒரு படம்தான். மலைப்பாதையில் ஓடும் ஜீப்பின் முன்னிருக்கையிலிருந்து எடுத்தது. ஓட்டுநர் வளைவில் வண்டியைத் திருப்புகிறார். கண்ணாடிக்கு அப்பால் பள்ளத்தாக்கு பச்சைப் பசேலென்று கிடக்கிறது. தலைக்கு மேலிருக்கும் சின்னக் கண்ணாடியில், பின்னால் உட்கார்ந்திருக்கும் பெண்கள் வாய்விட்டுச் சிரிக்கிறார்கள். பார்த்த நிமிடமே எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது.

படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியவர் அந்த ஜீப்பின் சொந்தக்காரர் மாயக்கண்ணன். "போட்டோ என்னுதுதான், தாராளமாப் போட்டுக்கங்க" என்று சொல்லியிருந்தார். நானும் அவர் பெயரில் ஏற்றிவிட்டேன். புதன்கிழமை, 'நிலைப்படி' என்ற புனைபெயரில் எழுதும் சக பயனர் ஒருவர், கட்டுரையைப் பற்றி விவாதிக்கும் பேச்சுப் பக்கத்தில் ஒரு கேள்வியைப் போட்டார். "ஓட்டுநரின் இரண்டு கைகளும் ஸ்டீயரிங்கில் இருக்கின்றன. படம் எடுத்தது அவருடைய மூன்றாவது கையா?" அதற்குக் கீழே அறிவிப்பு. எடுத்தவரிடமிருந்து ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுமதி மின்னஞ்சல் வராவிட்டால் படம் நீக்கப்படும். எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. அவர் சொன்னது சரி என்பதால் ஆத்திரம் இரட்டிப்பானது. மாயக்கண்ணனுக்குப் போன் போட்டால், "நேர்ல வாங்க, பேசிக்கலாம்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. கடைச் சாவியைத் தம்பியிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

திண்டுக்கல்லிலிருந்து தேனிக்கு எழுபது ரூபாய் டிக்கெட். வத்தலக்குண்டு தாண்டித் தேவதானப்பட்டி வந்ததும் வலது பக்கம் மலை கூடவே வர ஆரம்பித்தது. பெரியகுளத்தில் மழை தூறியது. எங்கள் கரூர்ப் பக்கம் மலை என்றால் வானத்தின் ஓரத்தில் ஒரு கோடு, அவ்வளவுதான். இங்கே சன்னல் வழியாகக் கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நிற்கிறது. வாயைப் பிளந்துகொண்டு பார்த்துக்கொண்டே வந்ததில் தேனி வந்ததே தெரியவில்லை.

தேனியிலிருந்து கம்பம் சுமார் நாற்பது கிலோமீட்டர். பக்கத்தில் மார்க்கையன்கோட்டைக்காரர் ஒருவர் வந்து உட்கார்ந்தார். வாழை விவசாயி, சின்னமனூரில் இறங்க வேண்டியவர். விஷயத்தைக் கேட்டதும் அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"ஏந்தாயி, ஜீப்பு அவருது. அதுக்குள்ள எடுத்த போட்டோவும் அவருதுதான? என் தோட்டத்துல ஒருத்தன் வாழக் கொலைய வெட்டுனா, அது வெட்டுனவனுக்கா சொந்தம்?"

"படம் வாழை மாதிரி இல்லைங்கய்யா. எடுத்தவங்களுக்குத்தான் சொந்தம்."

"அப்ப என் கல்யாணப் போட்டோ எனக்குச் சொந்தமில்லையாக்கும்?"

பேருந்தில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். கல்யாணப் படம் என்றால் காசு கொடுத்து எடுக்கச் சொன்னவருக்கு உரிமை உண்டு, இதற்கு யாரும் காசு கொடுக்கவில்லை என்று நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே சின்னமனூர் வந்துவிட்டது. "இம்புட்டுச் சிக்கலா!" என்று சொல்லிவிட்டு இறங்கினார். அதற்குப் பிறகு உத்தமபாளையம்வரை இரண்டு பக்கமும் நெல்வயல்தான். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் வாய்க்காலில் தளும்பி ஓடியது.

பிற்பகல் இரண்டு மணிக்குக் கம்பம். பேருந்து நிலைய வாசலில் பன்னீர் திராட்சை கிலோ எண்பது ரூபாய் என்றார்கள். அரைக் கிலோ வாங்கித் தின்றுகொண்டே ஜீப் ஸ்டாண்டுக்கு நடந்தேன். அங்கே எனக்கு ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. என் கட்டுரையின் படம் ஆளுயர ஃபிளெக்ஸ் பேனராகத் தொங்கியது. கீழே கொட்டை எழுத்தில் மாயக்கண்ணன் பெயர், அவருடைய போன் நம்பர், 'வாடகைக்கு அணுகவும்'. ஆள் அதன் நிழலிலேயே டீ குடித்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும், கழுத்தில் துண்டு, கலகலப்பான முகம்.

"அண்ணே, உண்மையச் சொல்லுங்க. இது யார் எடுத்தது?"

"வண்டி என்னுது. ஓட்டுறது நானு. ஏறி வர்ற ஆளுகளும் நம்ம ஆளுக. போட்டோ மட்டும் எப்பிடிக்கா வேற ஆளுதாகும்?"

பொய் சொல்கிறார் என்று சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். மனிதர் அதை மனதார நம்புகிறார் என்பது அவர் முகத்தைப் பார்த்ததும் புரிந்தது. சாமியே வந்து சொன்னாலும் மாற மாட்டார் போலிருந்தது. கேள்வியை மாற்றினேன். "சரிண்ணே, அமுக்குன விரல் யாரோடது?"

"அதா? நம்ம போதுமணிப் பிள்ள. முன்சீட்டுல வருவா. அவகதான் எல்லாருக்கும் போட்டோ எடுத்துக் குடுப்பாக" என்றார், ஒரே மூச்சில் அவளையும் அவுகளையும் கலந்து. "பாக்கணும்னா வெடியால அஞ்சு மணிக்கு இங்கன வந்துருங்க. தோட்டத்துல வேல நேரத்துல பேச விடமாட்டாக. வண்டியிலதான் பேச முடியும்."

சனிக்கிழமை காலை ஐந்து மணிக்கு ஸ்டாண்டு திருவிழாக் கூட்டமாக இருந்தது. நூற்றுக்கணக்கான பெண்கள், கையில் தூக்குவாளி, தலையில் துண்டு, மேலே ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டை. ஒவ்வொரு ஜீப்புக்கும் ஒரு கூட்டம். அதைச் 'செட்டு' என்கிறார்கள். எந்தத் தோட்டத்துக்குப் போவது, யார் எங்கே உட்காருவது, யாருக்கு என்றைக்கு லீவு, எல்லாமே செட்டு கூடிப் பேசித்தான் முடிவாகும். தனி ஆளாக யாரும் வாக்குக் கொடுப்பதில்லை. இது என் கட்டுரையில் இல்லை என்று அப்போதே குறித்துக்கொண்டேன்.

போதுமணிக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லி உடம்பு, இரண்டு கையிலும் பச்சைக் கண்ணாடி வளையல். வரிசையாகப் பெண் பிறந்த வீட்டில் இனிப் பெண் போதும் என்று வேண்டி வைக்கும் பெயர் அது. மாயக்கண்ணன் என்னை முன்னிருக்கையில் அவளுக்கும் கதவுக்கும் நடுவில் திணித்தார். பின்னால் பத்துப் பேர். வண்டி கிளம்பியதுமே பேச்சை எடுத்தேன்.

"அந்தப் படம் நீங்க எடுத்ததாம்மா?"

"ஆமா. எங்கன போட்டுருக்கீக?" போனில் காட்டினேன். மாயக்கண்ணன் பெயரைப் பார்த்ததும் அவள் முகம் சுருங்கியது. "இங்கனயும் இவுக பேருதானா?"

"அதை மாத்தத்தான் வந்திருக்கேன். நீங்க ஒரு மின்னஞ்சல் அனுப்பினாப் போதும். உலகத்துல யார் வேணும்னாலும் இந்தப் படத்தை எடுத்துப் பயன்படுத்தலாம், வியாபாரத்துக்கும் பயன்படுத்தலாம்னு நீங்க அனுமதி..."

"மாட்டேன்."

அவ்வளவு வேகமாக ஒரு பதிலை நான் எதிர்பார்க்கவில்லை.

"ஒருத்தரு எடுத்து ஸ்டாண்டுல கட்டி வச்சதுக்கே எனக்கு எரியுது. தெனமும் அதுக்குக் கீழதான் நின்னு வண்டி ஏறுறேன். வெயில் விழுந்து, இதுக சிரிச்சு, வண்டி திரும்புற அந்த எடத்துக்காக நான் எத்தன நாளு காத்திருந்தேன் தெரியுமா? இதுல ஒலகமே எடுத்துக்கிறணுமாக்கும்?"

மாயக்கண்ணன் ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினார். மலை ஏற்றம் ஆரம்பித்து முதல் கொண்டை ஊசி வளைவு வந்தது. நான் அவள் மடியில் விழுந்தேன். அங்கிருந்தபடியே, சொல்ல வேண்டியதைத் தலைகீழாகச் சொல்லித் தொலைத்திருக்கிறேன் என்பது உறைத்தது.

"இங்க பாருங்கம்மா. எடுத்துக்கலாம், ஆனா சும்மா எடுத்துக்க முடியாது. எங்க போட்டாலும் உங்க பேரை எழுதியே ஆகணும். எழுதலைன்னா அனுமதி செல்லாது."

"யாரு போட்டாலுமா?"

"யாரு போட்டாலும்."

"இவுக ஃபிளெக்ஸுலயும்?"

"அதுலயும்தான்."

ஜீப் ஒரு குலுக்கல் குலுங்கியது. பின்னால் கொல்லென்று சிரிப்பு. "மாட்டுனீகளா அண்ணே!" என்று ஒரு குரல். "ஏ ஆத்தா, புது ஃபிளெக்ஸுக்கு ஆயிரம் ரூவா ஆகும்" என்று மாயக்கண்ணன் முனகினார்.

போதுமணி சிரிக்கவில்லை. யோசித்தாள். பிறகு பின்னால் திரும்பி, "எனக்குச் சம்மதம். கண்ணாடியில தெரியுறது ஒங்க மூஞ்சி. செட்டு என்ன சொல்றீக?" என்று கேட்டாள். விதிப்படி, படத்தில் முகம் தெரிகிறவர்களிடம் தனி அனுமதி வாங்கத் தேவையில்லை என்று சொல்ல வாயெடுத்து, நல்லவேளையாக மூடிக்கொண்டேன். இரண்டு வளைவுக்கு விவாதம் நடந்தது. ஒருத்திக்குத் தன் பல் தெரிவது பிடிக்கவில்லை. "பல்லு ஒனக்கு எப்பவுந்தான் தெரியுது" என்று அடுத்தவள் சொன்னாள். கடைசியில் எல்லாரும் சரி என்றார்கள்.

வேலை அதோடு முடியவில்லை. அவள் போனில் மின்னஞ்சலைத் திறந்தால், அனுப்புநர் பெயராக ஒரு செல்போன் கடையின் பெயர் இருந்தது. போன் வாங்கும்போது கடைக்காரரே கணக்குத் தொடங்கித் தன் கடைப் பெயரையே வைத்துவிட்டிருக்கிறார். "இதுலயும் வேறாளு பேரா!" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். அழித்தோம். அவளே ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினாள். 'போதுமணி'. அப்பா பெயரா, வீட்டுக்காரர் பெயரா, எதைச் சேர்ப்பது என்று கேட்டேன். "நாந்தான எடுத்தேன், என் பேரு மட்டும் போதாதா?" என்றாள். போதும் என்றேன்.

அசல் படத்தை இணைக்கத் தேடி எடுத்தபோது நானே கத்திவிட்டேன். மாயக்கண்ணன் ஓரத்தை வெட்டித்தான் எனக்கு அனுப்பியிருக்கிறார். வெட்டாத படத்தில், அந்தச் சின்னக் கண்ணாடியின் விளிம்பில் போனைப் பிடித்த ஒரு கை தெரிந்தது. அதில் பச்சை வளையல். நிலைப்படி கேட்ட மூன்றாவது கை! எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. அவளோ, "வளையலு நல்லாத் தெரியுதுல்ல?" என்று படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

அனுப்பு என்று தட்டினால் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. மலையில் சிக்னல் இல்லை. "மேல தோட்டத்துலயும் கெடைக்காது. இன்னும் ரெண்டு வளைவு தாண்டி ஒரு எடத்துல கேரளா டவர் எடுக்கும்" என்றார் மாயக்கண்ணன். அங்கே வண்டியை ஓரம் கட்டினார். நேரம் கடந்து போனால் தோட்டத்தில் ஏச்சு விழும். யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. போதுமணி ஜீப்பின் பானெட்டில் ஏறி நின்று போனைத் தூக்கிப் பிடித்தாள். கீழே பள்ளத்தாக்கு முழுவதும் வெயில் விழ ஆரம்பித்திருந்தது. "போயிருச்சு!" என்று அவள் கத்தியதும் பன்னிரண்டு பேரும் நானும் சேர்ந்து கத்தினோம். எதிரே வந்த பால் வண்டிக்காரர் பயந்து ஒதுங்கிப் போனார்.

கேரள எல்லையில், கம்பம் மெட்டு சோதனைச் சாவடியில் இறங்கிக்கொண்டேன். மாயக்கண்ணன் என்னிடம் காசு வாங்க மறுத்துவிட்டார். "நாளைக்கே புது ஃபிளெக்ஸ் அடிக்கணும்கா, அந்த வயித்தெரிச்சலே போதும்" என்றார். மலையாளத்தில் பெயர்ப்பலகை எழுதிய கடையில் பதினைந்து ரூபாய்க்குப் பால் இல்லாத ஒரு கட்டன்சாயா குடித்துவிட்டு, அடுத்து வந்த பேருந்தில் கம்பத்துக்கு இறங்கினேன். தேனி தாண்டும்போது நிலைப்படியின் பதில் வந்தது. "அனுமதி சரிபார்க்கப்பட்டது. கையும் கிடைத்தது. மகிழ்ச்சி." திங்கட்கிழமை கட்டுரை முதற்பக்கத்தில் வந்தது, படத்தோடும் அவள் பெயரோடும். என் கடைக்கு இருமல் மருந்து வாங்க வந்தவர்களிடமெல்லாம் போனை நீட்டிக் காட்டினேன். மருந்து அட்டைகளைத் தவிர வேறெதையும் உற்றுப் பார்க்காத ஊர் எங்கள் ஊர். பாவம், பொறுமையாகப் பார்த்தார்கள்.

புதன்கிழமை மத்தியானம் கட்டுரையைத் திறந்தால் இரண்டாவதாக ஒரு படம் ஏறியிருந்தது. ஜீப்பின் முன்னிருக்கை. கதவோடு நசுங்கி ஒரு பெண், கண்ணை இறுக மூடி, வாயைத் திறந்து, இரண்டு கையாலும் கம்பியைக் கட்டிப்பிடித்திருக்கிறாள். 'கொண்டை ஊசி வளைவில் ஒரு பயணி' என்று கீழே எழுதியிருந்தது. அந்தப் பயணி நான்.

பதறிப்போய்ப் போதுமணிக்குப் போன் போட்டேன். "என்னம்மா இது? என்னை ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?"

"செட்டுல கேட்டாச்சுக்கா. எல்லாரும் சரின்னுட்டாக" என்றாள். "அன்னைக்கு வண்டியில வந்தீகள்ல, நீங்களும் நம்ம செட்டுதான்."

போனை வைத்துவிட்டுப் படத்தின் பக்கத்தைத் திறந்து, எனக்குத் தெரிந்த விதிகளை எல்லாம் ஒவ்வொன்றாகப் புரட்டினேன். புதுப் பயனர் கணக்கு, அவளே தொடங்கியது. எடுத்தவர்: போதுமணி. உரிமம் சரியாக இருந்தது. படம் நன்றாகவும் இருந்தது. நீக்குவதற்கு ஒரு காரணம்கூட எனக்குக் கிடைக்கவில்லை.