சிவப்பை அடக்கிய சொட்டு

சிப்காட் சாலையைக் கடக்கும்போது இடப்பக்கம் வந்த லாரி என் கண்ணில் படவே இல்லை. டிரைவர் சட்டென்று பிரேக் போட்டு இறங்கிவந்து, குடித்திருக்கிறேனா என்று முகர்ந்து பார்த்தார். எனக்கு அந்தப் பழக்கமே கிடையாது.

நான் கும்மிடிப்பூண்டியில் வெல்டர். வெல்டிங் வெளிச்சம் கண்ணில் அடித்தால் மணலைக் கொட்டியதுபோல் உறுத்தும். எங்கள் ஷிப்டில் எல்லோருக்கும் அதற்கு ஒரே வைத்தியம், மருந்துக் கடைக்காரர் சீட்டில்லாமல் தரும் சொட்டு மருந்து. விடிவதற்குள் சிவப்பு போய்விடும். பல வருடம் போட்டேன்.

லாரி சம்பவத்துக்குப் பிறகு திருவள்ளூரில் போய்க் காட்டினேன். கண் மருத்துவர் அந்தக் குப்பியை வாங்கிப் படித்தார். அது ஸ்டீராய்டு (வீக்கத்தையும் சிவப்பையும் அடக்கும் மருந்து). தொடர்ந்து போட்டால் சிலருக்குக் கண்ணுக்குள் நீரழுத்தம் ஏறி, பார்வை நரம்பு (கண் காண்பதை மூளைக்குக் கொண்டுபோவது) கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துவிடும், அதுதான் கிளாக்கோமா என்றார்.

"இடது கண்ல போன பார்வை திரும்பாதுங்க. வலது கண்ணைக் காப்பாத்தலாம். இந்தச் சொட்டை இன்னையோட நிறுத்துங்க."

வலித்திருந்தால் அன்றே ஓடியிருப்பேன். வலிக்கக்கூடத் துப்பில்லாத நோய் இது. இனி வேலை, வீடு எல்லாம் வலது கண்ணை நம்பித்தான்.

கேட்டுவிட வேண்டும் என்றே அதே மருந்துக் கடைக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன்.

"ஊரே போட்டுக்கினு கீது, உனக்கு மட்டும் இன்னாண்ணா?" என்றபடியே கடைக்காரர் பக்கத்தில் நின்றவருக்கு அதே குப்பியை எடுத்துக் கொடுத்தார். வேண்டாம் என்று வாங்கியவரைத் தடுத்தேன். தனக்கு இந்த மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று சொல்லி, சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

ஆயுசுக்கும் போடவேண்டிய புது மருந்து, கண்ணில் விட்டால் தொண்டையில் கசந்து இறங்குகிறது. சோறுகூடக் கசக்கிறது. உங்களுக்கும் அப்படியிருந்தால், சொட்டு விட்டதும் கண்ணை மூடி மூக்கை ஒட்டிய கண்மூலையை விரலால் சற்று நேரம் அழுத்திக்கொள்ளுங்கள். மருந்தை மட்டும் நிறுத்தாதீர்கள்.

போன வாரம் பார்வைப் பரப்புச் சோதனை (ஓரங்களில் எவ்வளவு தெரிகிறது என்று பார்ப்பது) செய்தார்கள். இருக்கிற பார்வை மேலும் குறையவில்லை என்றார்கள். வெளியே என் மனைவி செல்வி காத்திருந்தாள்.

"கொஞ்சமாச்சும் தேவலையா?"

"இல்ல. அப்படியே கீது."

சொல்லும்போது எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. ஒன்றும் திரும்பாததற்குச் சந்தோஷப்படுகிற ஆளாக என்னை ஆக்கிவிட்ட இந்த உடம்பு அருவருப்பாக இருக்கிறது. முன்பெல்லாம் ஷிப்ட் முடிய மாட்டேன் என்கிறதே என்று நேரத்தைத் திட்டுவேன். இப்போது நாளையும் இன்றைப் போலவே இருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறெதுவும் கேட்கத் தோன்றவில்லை.