மண்ணைக் கழுவியவர்

வகுப்பில் எல்லோரும் மண்ணைக் கையில் அள்ளி முகர்ந்து பார்த்தார்கள். மச்சான் மட்டும் ஒரு கிள்ளு எடுத்து நாக்கில் வைத்தார். உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே, காற்றாலைகளின் இரைச்சல் ஓயாமல் கேட்கும் ஒரு தென்னந்தோப்பில் அது நடந்தது. கோயமுத்தூரிலிருந்து காரில் வந்திருந்த ஒரு அம்மணி முகத்தைச் சுளித்தார். மச்சான் அதைக் கவனிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “உப்பே இல்லீங்க மாப்ள” என்றார். மற்றவர்களுக்கு அது பாராட்டாகக் கேட்டிருக்கும். அவர் பொறாமையில் சொல்கிறார் என்பது எனக்குத் தெரியும்.

மச்சான் என் அக்காவின் கணவர். பாதி ஆயுளைத் திருப்பூர்ச் சாயப்பட்டறையில் கழித்தவர். அங்கே அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை, மாஸ்டர்தான். பருத்தித் துணியில் சாயம் பிடிக்க வேண்டுமென்றால் மூட்டை மூட்டையாக உப்பைக் கொட்ட வேண்டும். சாயம் ஏறியதும் அந்தத் தண்ணீரைத் திறந்துவிட வேண்டும். கட்டுப்பாடுகள் வருவதற்கு முன்பெல்லாம் அது ஓடைக்குப் போனது, ஓடையிலிருந்து ஆற்றுக்குப் போனது. ஆற்றோரத்தில், ஊருக்குக் கீழே, மச்சானுடைய அப்பாவின் தோட்டம் இருந்தது. மகன் திறந்துவிட்ட தண்ணீர் சுற்றிக்கொண்டு அப்பாவின் கிணற்றுக்கே வந்து சேர்ந்ததைச் சொல்லி நாங்கள் சிரித்ததும் உண்டு, பேச்சை மாற்றியதும் உண்டு. தென்னைகள் மொட்டையாகின. வெயில் காலத்தில் நிலம் வெள்ளை பூத்தது. அப்பா காலமான பிறகு மச்சானும் அக்காவும் திருப்பூரை ஒட்டிய அருள்புரத்தில் வாடகை வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

வேலையை விட்டு நின்றதும் அவருக்கு இருந்தது ஒரே ஆசைதான். அக்காவைக் கூட்டிக்கொண்டு தோட்டத்துக்கே திரும்பக் குடிபோக வேண்டும். அக்கா சுலபமாக மசிகிற ஆள் இல்லை. “அங்க ஒரு கறிவேப்பிலச் செடி தளதளன்னு நிக்கட்டுங்க, அன்னைக்கே சட்டி பானையத் தூக்கிட்டு வந்தர்றேன்” என்றாள். அவள் கேலியாகச் சொன்னதை அவர் ஆர்டராக எடுத்துக்கொண்டார். வாட்ஸப்பில் யாரோ அனுப்பியிருந்த பெர்மாகல்ச்சர் வகுப்புக்குப் பேர் கொடுத்தார். நிலத்தைக் கெடுக்காமல் அதன் போக்கிலேயே வீட்டையும் மரத்தையும் மாட்டையும் அமைத்து வாழ்வதற்கான படிப்பு என்று எனக்கு விளக்கினார். எனக்குச் செடிகொடி சமாச்சாரம் என்றாலே கொட்டாவி வரும். பனியன் கம்பெனி சத்தத்திலிருந்து ஒரு சனி ஞாயிறு தப்பிக்கலாம் என்றுதான் துணைக்குப் போனேன்.

நிலத்தில் கை வைப்பதற்கு முன் அதைப் படமாக வரைந்துகொள்ளுங்கள் என்று வகுப்பெடுத்த தம்பி சொன்னார். வெயில் எங்கே விழுகிறது, காற்று எங்கிருந்து அடிக்கிறது, மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் நுழைந்து எந்தப் பக்கம் வெளியேறுகிறது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். மச்சான், பனியன் கம்பெனிக் கட்டிங் செக்‌ஷனில் துணிமேல் விரிக்கிற நீளத் தாளைக் கொண்டுபோயிருந்தார். சாயத்தின் ஷேடு பார்க்கிற அதே கவனத்தோடு, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வரைந்தார். அடுப்படி, அதன் வாசலில் கறிவேப்பிலை, கழுவுகிற தண்ணீர் போகும் வாழைக்குழி, அதைத் தாண்டி அகத்தி, முருங்கை, மேலே மழைத் தண்ணீர் நுழையும் இடங்களில் அம்புக்குறிகள். வெளியேறும் மூலையிலும் ஒரு அம்பு போட்டார். அது வேலியோடு நின்றது, தாளும் அங்கேயே முடிந்துவிட்டது. தம்பி அதைத் தூக்கிக் காட்டி எல்லோரையும் பார்க்கச் சொன்னார்.

வகுப்பில் சொன்னது, சரிவுக்குக் குறுக்கே வாய்க்கால் வெட்டி மழையை நிறுத்தி மண்ணுக்குள் இறக்கச் சொல்லித்தான். அது போதாது என்று மச்சானுக்குத் தோன்றியது. “துணில ஒட்டாத சாயத்தையும் உப்பையும் என்னங்க பண்ணுவோம்? தண்ணி நெரப்பி ஓட்டுவோம், தெறந்து உட்ருவோம். மறுக்காவும் நெரப்புவோம். கலங்கல் தெளியற வரைக்கும் உடறதில்ல. மண்ணும் அப்படித்தானுங்க மாப்ள” என்றார். தோட்டத்துக்குத் திரும்பியதும் மழைத் தண்ணீரை வயலில் தேக்கி ஊறவைத்தார். கீழ்மூலையில் ஆழமாக ஒரு வடிகால் வெட்டி, ஊறிய தண்ணீரை அதன் வழியாக வடியவிட்டார். ஒவ்வொரு மழைக்கும் அதே வேலை. வடிந்த பிறகு மண்ணை எடுத்து நாக்கில் வைத்துப் பார்ப்பார்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், மண் தெளிந்தது. முதலில் கோரை வந்தது, பிறகு அகத்தி பிடித்தது. அதற்கப்புறம் அந்தக் கறிவேப்பிலையும் துளிர்விட்டது. அக்காவைப் பைக்கில் உட்காரவைத்துக் கூட்டிப்போய்க் காட்டினார். அவள் ஒரு இலையைக் கிள்ளிக் கசக்கி முகர்ந்தாள். வாய்விட்டு எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் வண்டியில் ஏறும்போது, “அடுப்படி சன்னல் எந்தப் பக்கமுங்க வெக்கறது?” என்று கேட்டாளாம். அதை மச்சான் என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார்.

வடிகால் மூலைக்கு அப்பாலிருந்த கீழ்த்தோட்டம் கணவரை இழந்த ஒரு அம்மாவுடையது. கறவை மாடுகளை நம்பித்தான் அவர் பிழைப்பு. ஆற்றில் சாயம் கலப்பது நின்ற பிறகு அவருடைய கிணறு மெல்ல மெல்லத் தேறி, மாடு குடிக்கிற அளவுக்கு வந்திருந்தது. அவர் ஒரு காலையில் வேலியோரம் வந்து நின்றார். நானும் அப்போது அங்கே இருந்தேன். “ஏனுங்க மாஸ்டர், சோலி இல்லைன்னா நம்ம கெணத்துப் பக்கம் ஒரு எட்டு வந்து பாக்கறீங்களா? மாடு தண்ணி குடிக்க மாட்டீங்குதுங்க. மூக்க வெச்சுட்டுத் திரும்பிக்குதுங்க” என்றார். அவ்வளவுதான் சொன்னார். எங்கள் பக்கத்து மரியாதையில் இது ஒரு கஷ்டம். சண்டைக்கு வந்தால் பதிலுக்குப் பேசலாம், ‘ங்க’ போட்டுச் சொல்கிறவரிடம் என்ன பேசுவது?

மச்சான் போய் ஒரு வாளி இறைத்தார். இரண்டு கையிலும் ஏந்தி வாயில் ஊற்றினார். துப்புவார் என்று நினைத்தேன், விழுங்கினார். திரும்பி வந்து வரப்பில் உட்கார்ந்தார். பிறகு, “பட்டறைல வால்வத் தெறந்துட்டா நம்ம வேல முடிஞ்சுதுன்னு வந்துருவோமுங்க. எங்க போகுதுன்னு பாக்கற பழக்கமே இல்ல. இங்கயும் அதையேதான் பண்ணியிருக்கறன்” என்றார்.

நான் விடவில்லை. இவ்வளவு தூரம் வந்தாகிவிட்டது, இன்னும் ரெண்டு மழை பொறுத்தால் அந்தக் கிணறும் தெளிந்துவிடும், அந்த அம்மாவைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளச் சொல்லலாம் என்றேன். மச்சான் என்னை நிமிர்ந்து பார்த்தார். “எங்கப்பன் பட்டறைக்கே வந்து கேட்டாருங்க மாப்ள. அடுத்த மழைக்கு எல்லாஞ் செரியாப் போயிருமுன்னு நாந்தானுங்க சொல்லி அனுப்புனேன்.”

மறுநாள் அவரே மண்ணை வெட்டிப் போட்டு வடிகாலை மூடினார். கீழ்வேலி நெடுக வரப்பை உயர்த்திக் கட்டினார். தண்ணீர் தேங்கியது, காய்ந்தது, மண் மறுபடியும் வெளுத்தது. அகத்தியின் இலைகள் நுனியிலிருந்து கருகின. கறிவேப்பிலை ஒரே கோடையில் குச்சியாகிவிட்டது. எனக்கு அவர்மேல் ஆத்திரமாக வந்தது. நல்லது செய்கிறேன் என்று என் அக்காவின் வீட்டைத் தன் கையாலேயே புதைத்துவிட்டார் என்று பட்டது. அக்காவிடம் சொன்னபோது அவள் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டாள். சன்னல் பேச்சை அவள் பிறகு எடுக்கவே இல்லை.

இந்த ஐப்பசியில் நல்ல மழை. ஒரு நாள் காலையில் அக்கா எனக்குப் போன் செய்து, அவர் விடிந்ததும் கிளம்பிப் போனவர் சாப்பிடக்கூட வரவில்லை, தன்னைத் தோட்டத்தில் கொண்டுபோய் விடு என்றாள். நாங்கள் போனபோது மச்சான் முட்டளவு சேற்றில் கீழ்வரப்பில் நின்றிருந்தார். ஊரில் எல்லோரும் பயிருக்குத் தண்ணீர் நிற்க வேண்டும் என்று வரப்பைக் காப்பார்கள். இவர் ஒரு புல்லும் இல்லாத வயலில், ஒரு சொட்டும் கீழே இறங்கிவிடக் கூடாது என்று காத்துக்கொண்டிருந்தார். தலைமுடி முழுக்க நரைத்துவிட்டது என்பதை நான் அன்றுதான் பார்த்தேன்.

அக்கா சோற்றுத் தூக்குப்போசியை என்னிடம் கொடுத்துவிட்டு வரப்பில் இறங்கினாள். “எதுக்குங்க இந்த வெறுங்காட்டுக்குக் காவல்? வாங்க, சாப்புடுங்க” என்றாள்.

அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தார். “நீ கீழ போயி, மாடு குடிக்குதான்னு மட்டும் பாத்துட்டு வா” என்றார்.

அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வேலியைத் தாண்டிப் போனாள். அங்கே அந்த அம்மாவோடு தொட்டியருகில் நின்றாள். மழை தூறிக்கொண்டிருந்தது. வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்து, அவர் முகத்தைப் பார்க்காமல், “இன்னும் இல்லீங்க” என்றாள். பிறகு வேலியோரம் கிடந்த இன்னொரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, அவருக்குப் பக்கத்தில் சேற்றில் இறங்கினாள்.