நூற்றைம்பது தக்காளி நாற்று

கஸ்டம்ஸ் ஆபீசில் வேலை பார்க்கும் தேவிப்ரியா, பூஜை விடுமுறையில் வங்காளத்து சால்ட் லேக் வீட்டு பால்கனியில் தக்காளி விதைத்தாள். பழைய விதை, பாதிகூட முளைக்காது என்று பாக்கெட்டை முழுசாகக் கொட்டினாள். நூற்றைம்பது நாற்று வந்துவிட்டது.

பிடுங்கி எறிய மனம் வரவில்லை. தங்கள் சி பிளாக்கில் வீடு வீடாகக் கொண்டுபோனாள். முதல் நாள் சிரித்துக்கொண்டே வாங்கியவர்கள், மறுநாள் அவள் தலை தெரிந்ததும் கதவைச் சாத்தினார்கள். நூறு நாற்று மிஞ்சியது.

"பேசாம குப்பையில போடேன்," என்றார் கணவர் உத்தமன்.

"இருங்க, வேடிக்கையைப் பாருங்க."

நாற்றுகளைக் காகிதக் கப்புகளில் வைத்து மாடிப்படிக்குக் கீழே அடுக்கி, 'டி பிளாக்குக்கு மட்டும்' என்று வங்காள மொழியில் எழுதி வைத்தாள். பூஜைப் பந்தல் போட்டியிலிருந்தே இரண்டு பிளாக்குக்கும் ஏழாம் பொருத்தம். மதியத்துக்குள் ஒரு கப்பைக்கூடக் காணோம்.

மாலையில் டி பிளாக் சுமித்ரா நாலு பேரோடு வந்து நின்றாள்.

"பௌதி, எங்களுக்கு வச்சதை உங்க பிளாக்குக்காரங்க தூக்கிட்டாங்களாமே! எங்களுக்கு எப்போ தருவீங்க?" என்று அண்ணி முறை வைத்து வங்காள மொழியில் பொரிந்து தள்ளினாள்.

தேவிப்ரியா முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டாள். உள்ளே உத்தமன் சிரிப்பை அடக்க இருமிக்கொண்டிருந்தார். மறுநாள் ஆபீசிலிருந்து வரும்போது அவள் புது விதை வாங்கி வந்தாள்.