போடிமெட்டுச் சரிவில் கிடைத்த முட்டைகள்

விடியலில் சுபஹு தொழுதுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை என்று சுபைதா டீச்சரின் மகன் போன வாரம் போனில் சொன்னபோது, எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, அப்பாடா என்ற மூச்சுதான். அதை மறைக்க நான் விரும்பவில்லை. மாதக்கணக்கில் மூச்சுக்கு அவர் பட்ட பாட்டைப் பார்த்த, இங்கே கூடியிருக்கும் நீங்கள் யாரும் என்னைத் தப்பாக நினைக்க மாட்டீர்கள். அழுகை பிறகு வந்தது, அடுப்படியில் தனியாக நின்றபோது.

போடியில் ஒரே பள்ளிக்கூடத்தில் அவர் புவியியல் எடுத்தார், நான் கணக்கு. அரியலூர்ப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனவர், வயலில் கிடந்த கல் சிப்பி ஒன்றைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். ஒரு காலத்தில் அங்கே கடல் இருந்ததாம். அன்று பிடித்த கிறுக்கு எங்கள் இருவரையும் விடவில்லை. ஐம்பதை நெருங்கும் வயதில் விடுமுறை தவறாமல் புதைபடிவம் தேடிக் கிளம்பினோம். இருவருக்கும் ஒன்றும் தெரியாது.

பழைய எலும்பு நாக்கில் ஒட்டும் என்று எங்கோ படித்துவிட்டு, கொட்டகுடி ஆற்றில் குனிந்து ஒவ்வொரு கல்லாக நக்கிப் பார்த்தோம். துணி துவைத்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர் வேலையை நிறுத்திவிட்டு, "என்ன டீச்சர், ரெண்டு பேருமா மாசமா இருக்கீங்க? மண்ணு திங்கணும்னு வருதோ?" என்று கேட்டார். சுபைதா டீச்சர் சிரித்த சிரிப்பில் அருகில் மேய்ந்த ஆடுகள் விலகி ஓடின.

சிலமலையில் கிணறு வெட்டிய இடத்தில், கறுப்பாகப் பெரணி இலை பதிந்த கல் கிடைத்தது. சுபைதா டீச்சர் ஆசிரியர் அறை முழுக்க அல்வா கொடுத்தார். ஒரு வாரம் கழித்து, மதிய இடைவேளையில் அவரே எழுந்து நின்றார். "அல்வா தின்னவங்கள்லாம் கேளுங்க. அது இலை இல்ல. இலைன்னா நடு நரம்பு இருக்கணும். இது பாறை வெடிப்புல தாது ஊறி ஓடுன கறை. தப்பு என்னோடது, அல்வாவ யாரும் திருப்பித் தர வேணாம்." எங்கள் மலைப்பாறை பூமியின் ஆழத்தில் வெந்தது, அதில் உயிரின் தடம் தங்காது என்பதையும் பிறகு படித்துத் தெரிந்துகொண்டார். ஆனாலும் தேடுவதை விடவில்லை.

போடிமெட்டுச் சரிவில் எங்களுக்குக் கொஞ்சம் ஏலக்காய்த் தோட்டம் உண்டு. ஒரு கோடையில் பாதிச் செடி காய்ந்துபோனதால், என் வீட்டுக்காரர் கடன் வாங்கிப் படுதாக்குளம் வெட்டினார். குழி வெட்டிப் படுதா விரித்து மழைநீரைத் தேக்குவது அது. மழை முடிவதற்குள் வெட்டினால்தான் நிரம்பும். பாதிக் குழியில் உருண்டை உருண்டையாகக் கற்கள் வந்தன, மேலே ஓடு ஓடாக உரிந்தபடி. யாரோ படம் எடுத்து, டைனோசர் முட்டை என்று வாட்ஸப்பில் போட்டுவிட்டார்கள். ஜீப்பு ஜீப்பாக ஆட்கள் ஏறி வந்து செடிகளை மிதித்தார்கள். வேலைக்கு வந்த பேச்சியம்மா மஞ்சள் தடவிச் சூடம் ஏற்றிவிட்டு, "எந்தச் சீவன் இட்டதா இருந்தா என்ன, முட்டை முட்டைதேன். அதுமேல நான் கடப்பாரை போடமாட்டேன்" என்று உட்கார்ந்துவிட்டாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். அரசாங்கம் வேலி போட்டு நிலத்தை எடுத்துக்கொள்ளும் என்று வந்தவர்கள் பயமுறுத்த, வீட்டுக்காரர் சாப்பாட்டையே விட்டுவிட்டார். முட்டையில்லை என்று அடித்துச் சொல்ல எனக்கும் தெரியவில்லை.

சுபைதா டீச்சர் சேதி கேட்ட அன்றே ஜீப்பில் வந்து இறங்கினார். முகம் கல்யாணப் பெண்போல் இருந்தது. குழிக்குள் இறங்கி, ஒவ்வொரு உருண்டையாகத் தடவிப் பார்த்தார். பிறகு குழிச்சுவரைத் துடைப்பத்தால் கூட்டிவிட்டு எல்லோரையும் கூப்பிட்டார்.

"இந்த வெள்ளக் கோட்டைப் பாருங்க. சுவர்ப் பாறையில தொடங்குது. நேரா இந்த முட்டைக்குள்ள போகுது. அந்தப் பக்கம் வெளிய வந்து அடுத்த முட்டைக்குள்ள போகுது. எந்தச் சீவன் ஆத்தா இப்படிக் கோடு போட்டு முட்டையிடும்? பாறை மூலை மழுங்கி, வெங்காயமாட்டம் உரிஞ்சு நிக்குது. கல்லுதான்."

பேச்சியம்மா கோட்டின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தாள். "அப்ப இம்புட்டு நாளும் கல்லுக்கா மஞ்சத் தடவுனேன்?" என்று தலையில் அடித்துக்கொண்டு, "வெரசா வாங்கடி, சோலி கெடக்கு" என்று கடப்பாரையை எடுத்தாள். வீட்டுக்காரர் வரப்பிலேயே உட்கார்ந்து, குடிக்கத் தண்ணீர் கேட்டார். எனக்குக் கால் தரையில் பட்டதுபோல் இருந்தது. அந்த மழைக்கே குளம் நிரம்பியது, அடுத்த கோடையில் எங்கள் செடி பிழைத்தது.

அன்று இறங்கும் ஜீப்பில் நான் நிம்மதியில் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தேன். ஒரு வளைவில் திரும்பிப் பார்த்தால், டீச்சர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"முட்டையாவே இருந்திருக்கக் கூடாதான்னு ஒரு நெனப்பு. அங்க வந்த அத்தன பேருலயும் நான்தான் அதிகமா ஆசப்பட்டேன் டீச்சர்" என்றார்.

போன மாதம் அவர் கட்டிலருகே உட்கார்ந்து, "முகம் தெளிஞ்சிருக்கு, தேறிருவீங்க" என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆசையில பாக்குறீங்க டீச்சர். நல்லாப் பாருங்க" என்றார். நல்லாப் பார்த்தேன். அதற்குப் பிறகு நாங்கள் பொய் பேசவில்லை, அவரைப் பத்திரமாக அனுப்பிவைக்கிறவளாக அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். அவர் சேர்த்த கற்களைப் பிள்ளைகள் வைத்துக்கொள்ளட்டும். ‘நல்லாப் பாருங்க’ என்ற அந்த இரண்டு சொல் எனக்குப் போதும்.