பார்க்காமல் எழுதிய இருபத்திரண்டு

இலக்கியம் படிக்கும் எனக்கு லேசரோடு என்ன வேலை என்று தோழிகள் கேட்டார்கள். விடுமுறையில் கிடைத்த வேலை அது. பழவேற்காடு முகத்துவாரம் எவ்வளவு தூர்ந்திருக்கிறது என்று படகிலிருந்து லேசர் பாய்ச்சி, சோதனை முறையில் அளக்கும் குழுவில் அளவுகளைக் குறித்து வைப்பவள் நான்.

முதல் நாளே பொறியாளர் விளக்கினார். லேசர் ஒளி பிறக்கும் படிகத் தண்டான ராடின் நடுப்பகுதி சூடாகும். சுற்றி ஓடும் குளிர்நீர் ஓரத்தைத்தான் தணிக்கும். இந்த வேறுபாடு மிகுந்தால் ராடே ஒரு லென்ஸாகிவிடும். ஒளிக்கற்றை சிதையும், நீரடித் தரையிலிருந்து திரும்பும் ஒளி மங்கும். ஆகவே பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, அந்த நீரைக் குளிர்விக்கும் சில்லரில் அதன் வெப்பநிலையைப் பார்த்து எழுத வேண்டும். முதல் இரண்டு நாள்களும் அது இருபத்திரண்டு டிகிரியிலேயே நின்றது. மூன்றாம் நாள் பார்க்காமலே இருபத்திரண்டு என்று எழுதினேன்.

படகோட்டி தேசப்பன் அண்ணனுக்கு அன்று பாடு. ஊர் வகுத்த முறைப்படி ஏரியில் அவர் வலை கட்டும் நாள். விட்டால் மறுமுறை வரும்வரை காத்திருக்க வேண்டும். அளந்து காட்டினால் முகத்துவாரத்தைத் தூர்வாருவார்கள் என்று நம்பி, அதை விட்டுவிட்டு வந்திருந்தார்.

நண்பகலில் திரும்பும் ஒளி மங்கியது. படகை ஆடாமல் நிறுத்தத் தெரியவில்லை என்று பொறியாளர் அவரைக் கடிந்துகொண்டார்.

"படகு நின்னுகினுதான் கீது சார். லேசர் பொட்டிதான் கொதிக்குது, தொட்டுப் பாரு" என்றார் அண்ணன்.

பொறியாளர் என் குறிப்பேட்டைப் புரட்டினார். "டெம்பரேச்சர் கரெக்டா இருக்கு. உன் வேலையப் பாருப்பா."

நான் சில்லர் பக்கம் திரும்பினேன். முப்பத்தொன்று. எழுதியதைத் திருத்தாமல் பேனாவை மூடிவைத்தேன். அன்றைய அளவுகள் கழிக்கப்பட்டன. மறுநாள் அண்ணனுக்குப் பதில் வேறு படகு வந்தது.

இரண்டு நாள் கழித்துப் பொறியாளரிடம் உண்மையைச் சொன்னேன். சில்லரின் வடிகட்டியில் உப்பு அடைத்திருந்ததைத் தாமே கண்டுபிடித்துவிட்டதாகவும், இனிக் கவனமாக இருக்கும்படியும் சொன்னார். பிறகு தேசப்பன் அண்ணனைத் தேடிப் போனேன். வலையிலிருந்து நண்டை விடுவித்துக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

"தெரியும்மா. நீ திரும்பிப் பாத்தத நான் பாத்தேன். தொட்டுச் சொன்னவன் பேச்சு எடுபடல, பாக்காம எழுதுனது எடுபட்டுச்சு. சார் கைல சொல்ட்டியா?"

சொல்லிவிட்டேன் என்றேன்.

"என்னப் பத்தி இன்னா சொன்னாரு?"

பொறியாளர் அவரைப் பற்றி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. அதையும் நானே அவரிடம் சொல்ல வேண்டியதாயிற்று.

இப்போது எங்கே குறிப்பெழுதினாலும், பார்க்காத வேளைக்குரிய கட்டத்தில் 'பார்க்கவில்லை' என்றே எழுதுகிறேன். அன்று அப்படி எழுதியிருந்தால் பொறியாளர் பெட்டியைத் தொட்டுப் பார்த்திருப்பார்.